பணம் வந்த பிறகே பார்சல்



“நாளைக்கு ரெண்டு கிலோ பச்சை நண்டு வேணும்கா, உயிரோட” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. விலையும் பேசி முடிகிறது. மறுநாள் நண்டு சென்னைக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்டவரின் போன் ஸ்விட்ச் ஆஃப். இல்லையென்றால் “வீட்ல வேற வாங்கிட்டாங்க” என்று ஒற்றை வரி. இதைவிட மோசம், நண்டு போய்ச் சேர்ந்து குழம்பும் ஆகிவிட்ட பிறகு பணம் மட்டும் வராமல் நிற்பது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் செல்போன் வழியாக வியாபாரம் பழகிவரும் பெண்களுக்கு இது புதுத் தலைவலி. இந்த மாதம் உங்களோடு இதைத்தான் பேச வேண்டும்.

நண்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பிடித்ததும் இரண்டு கொடுக்குகளையும் மடக்கி, உடம்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கை நழுவினால் விரலைக் கவ்விவிடும். கொடுக்கு ஒடிந்தால் விலை விழுந்துவிடும். கட்டிய நண்டைக் கூடையில் அடுக்கி ஈரச் சாக்கால் மூடி வைத்தால், ஈரம் காயாதவரை ஓரிரு நாள் தாங்கும். செத்துவிட்டால் வாங்க ஆளில்லை. இறாலுக்கு அந்த அவகாசமும் கிடையாது. ஐஸ் போட்ட நேரத்திலிருந்தே செலவு ஏறத் தொடங்கிவிடும். புடவை விற்பவர், வாங்குகிறேன் என்றவர் பின்வாங்கினால் அதை மடித்து மறுபடி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். இ-பே இணைய விற்பனைத் தளத்தில், 4 நாள் ஆகியும் பணம் வரவில்லை என்றால் விற்பவர் ஆர்டரை ரத்து செய்யலாம் என்று விதியே இருக்கிறது. நாலு நாளில் நம் அக்காவின் நண்டு என்ன ஆகியிருக்கும்!

“ஏன் இந்த வம்பு? பேசாமல் ஊர் வியாபாரியிடமே போடலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. படகு வாங்க, வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய என்று வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் பல வீடுகளில் கழியாமலே நிற்கிறது. அது கழியும்வரை பிடித்ததெல்லாம் அவருக்கே போக வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. சிங்கப்பூர் வரைக்கும் ஏற்றுமதியாகிற நண்டுக்குக் கரையில் கிடைப்பது இந்த விலைதான். சென்னையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நேரடியாக விற்பது அந்தப் பிடியிலிருந்து வெளியே வர ஒரு சின்ன வாசல். வாங்கியவர் பணம் தராமல் போகிறபோது நஷ்டம் ரெண்டு கிலோ நண்டோடு நிற்பதில்லை. “அவரு குறைச்சுக் குடுத்தாலும் கையில குடுப்பாரு” என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெண் பழைய வியாபாரியிடமே திரும்பிப் போகிறார். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

முன்பணக் கதை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே வணிக உரிமை பெற்றார்கள். பிறகு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கடல் கடந்து போன துணிக்கு, உள்ளூர் வணிகர்கள் வழியாக நெசவாளர்களுக்கு முன்பணம் போனது. காசு முதலில் வந்தது. கூடவே, கொடுத்தவனுக்கே நெய்தாக வேண்டிய கட்டாயமும் வந்தது. ஆண்டுக்கணக்கில் ஒருவரைக் கட்டிப்போடுகிற முன்பணம் வேறு, நாளைக்குக் கொடுக்கப்போகும் நண்டுக்கு இன்றே வாங்கிக்கொள்ளும் விலை வேறு. இரண்டாவதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

ஆனால் ஒருவர் மட்டும் கேட்டால் பலிக்காது. “பக்கத்து வீட்ல அட்வான்ஸ் கேக்கலையே” என்று வாங்குபவர் அங்கே போய்விடுவார். குப்பமே சேர்ந்து முடிவெடுத்தால் அவர் எங்கே போவார்? பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்க யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரியைச் சட்டப் புத்தகம் இல்லாமல் பங்கு போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, ‘பணம் வராமல் பார்சல் போகாது’ என்று ஒரு பொது விதி போடுவது பெரிய காரியமில்லை. மகளிர் குழுக் கூட்டத்திலேயே பேசி முடிக்கலாம். பழகிய வாடிக்கையாளர் என்றால் பாதியாவது முதலில் வரட்டும். நண்டோடு பனையோலைக் கூடையும் விற்கிறீர்கள் என்றால், கேட்ட அளவுக்குப் பின்னிக் கொடுக்கும் அந்தக் கூடைக்கு ‘கேஷ் ஆன் டெலிவரி’ வேண்டவே வேண்டாம். வாசலில் வைத்து வேண்டாம் என்று வாங்குபவர் திருப்பிவிட்டால், போன கூரியருக்கும் வந்த கூரியருக்கும் உங்கள் கைக்காசுதான்.

பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. “இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்” என்று யார் சொன்னாலும், அவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையே அனுப்பினாலும், அது ஏமாற்று. அப்படிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அதே 1930-இல் வந்ததுதான் சரக்கு விற்பனைச் சட்டம். தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைக்க வசதி. கடன் பேசாமல் விற்ற சரக்கு இன்னும் உங்கள் கையில் இருந்து பணம் வரவில்லை என்றால், அதைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. கெட்டுப்போகும் பொருளாக இருந்தால், நியாயமான நேரம் காத்திருந்துவிட்டு, நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் வேறொருவருக்கு விற்றுவிடலாம். குறைந்த விலைக்குப் போனால் அந்த நஷ்டத்தை முதலில் கேட்டவரிடம் கோரலாம். மீனுக்கும் நண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறில்லை.

சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘உத்யம்’ என்ற சிறுதொழில் பதிவு பெற்றவரிடம் சரக்கு வாங்கும் ஹோட்டலோ கடையோ, என்ன பேசியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. கருவாடு போடுவதும் கூடை பின்னுவதும் உற்பத்தித் தொழில் என்பதால் அவற்றுக்குப் பதிவு வாங்கலாம். மீன்பிடித் தொழிலோ அந்தப் பதிவுக்கு வெளியே நிற்கிறது. ஏரியில் இறங்கி இறால் பிடிப்பவருக்கு இல்லாத பாதுகாப்பு, அதை உலர்த்திப் பொட்டலம் போடுபவருக்கு மட்டும் இருப்பது எந்த வகையில் நியாயம்? அரசு இதைத் திருத்த வேண்டும்.

வழக்குக்குப் போக வசதியில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பேசிய விலை, தேதி, அனுப்பிய எடை எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள். சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு வரை வழக்குப் போடலாம்.

கடைசியாக, வாங்குகிற வாசகர்களுக்கு. ஆர்டர் சொல்லும்போதே பணத்தை அனுப்பிவிடுங்கள். மனம் மாறினால் முதல் நாள் மாலையே, அவர்கள் ஏரிக்குக் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள். பழைய பாக்கி ஏதேனும் இருந்தால், இந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்