டயாலிசிஸுக்குப் பிறகும் மாறாத உணவுத்தாள்

சிறுநீரக நோயாளியின் கையில் தரப்படும் உணவுத்தாள் பெரும்பாலும் விலக்க வேண்டியவற்றின் பட்டியலே: பருப்பு, முட்டை, மீன், வாழைப்பழம், இளநீர்.

நோயின் முந்தைய நிலையில் அதற்கு நியாயம் உண்டு. நீரிழிவு இல்லாதவருக்கு எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.6 கிராம் புரதம் போதும் என்கிறது அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. டயாலிசிஸ் தொடங்கியதும் அதே வழிகாட்டி 1.0 முதல் 1.2 கிராம் வரை கேட்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 30 கிராம் என்பது 50, 60 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சில கிராம் அமினோ அமிலங்கள் இரத்தத்திலிருந்து வெளியேறிவிடுகின்றன என்பது ஒரு காரணம். பழைய தாளோ வீட்டில் அப்படியே இருக்கிறது. பத்தியமே பாதி மருந்து என்று நம்பும் குடும்பம் வெறும் சோற்றையோ ரொட்டியையோ தந்து நோயாளியைக் காக்க முயல்கிறது. தசை கரைகிறது, உடலில் தேங்கும் நீர் எடையைத் தாங்கிப் பிடிப்பதால் அது கண்ணுக்கும் தெரிவதில்லை. (பொட்டாசியம் பற்றிய எச்சரிக்கை வேறு. வாரம் இருமுறை மட்டுமே டயாலிசிஸ் பெறுவோர் அதைத் தளர்த்த இயலாது.)

2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் வறியவர்க்கு இலவசச் சிகிச்சை தருகிறது. காசநோயாளியின் ஊட்டத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கிய அரசுக்கு, உணவும் சிகிச்சையே என்று விளக்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் முடிந்து எழுபவருக்கு இரண்டு அவித்த முட்டை, அதாவது ஏறத்தாழ 12 கிராம் புரதம். முட்டை உண்ணாதவர்க்கு ஈடான பனீர். மாதமொருமுறை இரத்த அறிக்கையைப் பார்த்து அந்தத் தாளைத் திருத்தித் தர ஓர் உணவியலாளர். திட்டத்தில் இவற்றுக்கு ஒரு வரி ஒதுக்கப்படலாம்.