விலக்கு நீங்கியது; தமிழும் நீங்கியது!

ஒரு பொருளுக்குப் பெயரிடுபவன் எவனோ, அவனே அப்பொருளை வாங்குவோரின் நாவையும் ஆள்கின்றான். ஆயினும் பெயரிடுதலை ஒரு சிறு செய்தியாகவே நம்மவருள் பலர் கருதுகின்றனர். "திரைப்படத்திற்கு எந்தப் பெயர் இருந்தால் என்ன? படம் நன்றாக இருந்தால் போதாதா? தயிர்ப்பையின்மேல் எந்தச் சொல் இருந்தால் என்ன? தயிர் புளிக்காமல் இருந்தால் போதாதா?" என்று கேட்போர் நம் வீடுகளிலேயே உளர். அவர்தம் வினாவை எள்ளி ஒதுக்குதல் கூடாது. அதற்கு விடை கூறுதல் நம் கடமையாகும்.

அண்மை இருபது ஆண்டுகளில் திரைத்துறை, விளம்பரத்துறை, அரசியல், கணித்தொழில்நுட்பம் ஆகிய நான்கிலும் நம் கண்ணெதிரே நடந்தவற்றை ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சலுகைக்காக வந்த தமிழ், சலுகை நின்றதும் வெளியேறிவிடுகின்றது. மக்கள் கேட்டுப் பெற்ற தமிழே நிலைத்து நிற்கின்றது.

முதலில் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு, தமிழில் பெயர் சூட்டப்பெற்ற திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரியினின்று விலக்களித்தது. அவ்வறிவிப்பிற்குப் பின்னர் நிகழ்ந்த புதுமையை என்னென்பது! தமிழில் பொருத்தமான பெயரே அகப்படவில்லை என்று அதுவரை கைவிரித்தவர்களுக்கெல்லாம் தமிழ்ச்சொற்கள் தாமே வந்து கைகூப்பி நின்றன. 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்று அறிவிக்கப்பட்டிருந்த படம், முன்னிரு சொற்களையும் உதிர்த்துவிட்டு 'உனக்கும் எனக்கும்' என வெளிவந்தது. 'ரோபோ' என்று பேசப்பட்டு வந்த பெரும்பொருட்செலவுப் படம், 2010-இல் 'எந்திரன்' ஆயிற்று. 2015-இல் 'மாஸ்' என்னும் ஆங்கிலப் பெயருடன் வரவிருந்த படமோ, 'மாசு என்கிற மாசிலாமணி' என்று மாறி வந்தது. ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் விடாமல், வரிவிலக்கையும் விடாமல், மாசும் மாசின்மையும் ஒரே பெயரில் கூடி நின்ற வேடிக்கை அது! (படப்பெயர்களைச் சுவரொட்டிகளில் உள்ளவாறே இங்குத் தருகின்றேன், அவற்றின் எழுத்திற்கு நான் பொறுப்பல்லேன்.)

தமிழில் சொல்வளம் இல்லை என்பது பொய் என்பதை எந்தப் புலவரின் நெடிய கட்டுரையையும்விட இவ்வரிவிலக்கே தெளிவாக மெய்ப்பித்தது. சொல் என்றும் இருந்தது. அதனைத் தேடும் மனமே இல்லாதிருந்தது. பணம் அம்மனத்தை ஈந்தது, அவ்வளவே.

அந்நடவடிக்கையை நான் குறை கூறுகின்றேன் அல்லேன். கரும்பின் சாற்றைப் பிழியும் எந்திரத்தைச் சங்கச் செய்யுள்கள் பாடியுள்ளன. ஈராயிரம் ஆண்டு வழங்கிய அச்சொல், மாந்தவடிவில் இயங்கும் பொறிக்குப் பெயராகி, ஒரே படத்தால் நாட்டிலுள்ள சிறுவர் அனைவரின் நாவிலும் ஏறியது. எந்தப் பள்ளிப்பாடமும் அவ்வளவு விரைவில் ஒரு சொல்லைக் கற்பித்ததில்லை. நல்ல பெயர் ஒன்றிற்குள்ள ஆற்றல் அத்தகையது!

2011-இல் வேறு சில வரையறைகளும் சேர்க்கப்பட்டன. ஆயினும் தமிழ்ப்பெயர் வேண்டும் என்னும் வரையறை நீடித்தது. 2017 சூலை 1 முதல் இந்தியா முழுமைக்கும் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பழைய கேளிக்கை வரி மறைந்தது. எனவே தமிழ்ப்பெயருக்கென்று அளிக்கப்பட்ட விலக்கும் மறைந்தது. அதன்பின் நிகழ்ந்ததை நீங்களே அறிவீர்கள். 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சி 2018-இல் '2.0' என்று வெளிவந்தது. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, வெறும் எண்! 2021-இல் 'மாஸ்டர்', 'டாக்டர்'. 2022-இல் 'பீஸ்ட்', 'டான்', 'லவ் டுடே'. 2023-இல் 'ஜெயிலர்', 'லியோ'. 2024-இல் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்'. 2025-இல் 'டிராகன்', 'குட் பேட் அக்லி', 'ரெட்ரோ', 'தக் லைஃப்'. இவையனைத்தும் தமிழர் நடித்து, தமிழர் காசு கொடுத்துக் கண்ட தமிழ்ப்படங்கள் என்று அயலார் ஒருவரிடம் கூறினால், அவர் நம்புவாரா?

"இன்று படங்கள் பல மாநிலங்களிலும் ஒரே நாளில் வெளியாகின்றன, எல்லார்க்கும் விளங்கும் பொதுப்பெயர் வேண்டும்" என்பது படமெடுப்போர் கூறும் புதிய அமைதி. இதுவும் ஆய்ந்தால் நில்லாது. 2010-இல் ஒரே படம் தமிழில் 'எந்திரன்' என்றும், தெலுங்கில் 'ரோபோ' என்றும், இந்தியில் 'ரோபோட்' என்றும் வெளிவந்து மூன்றிடத்தும் ஓடியது. 2022-இல் கன்னடர் எடுத்த 'காந்தாரா', தன் பெயரை மாற்றிக்கொள்ளாமலே இந்தியா முழுதும் சென்றது. அதே ஆண்டில் 'பொன்னியின் செல்வன்' என்னும் நீண்ட பெயரை வடவரும் முயன்று பலுக்கக் கற்றுக்கொண்டனர். 2024-இல் 'வாழை', 'மெய்யழகன்' என்னும் பெயர்களில் படங்கள் வந்தன. எந்த வரிவிலக்கும் அவற்றை அழைத்து வரவில்லை. எடுத்தவர்க்குத் தமிழ்ப்பெயர் பிடித்திருந்தது, வைத்தனர். தமிழ்ப்பெயரால் படம் விழுந்தது என்பதற்குச் சான்று காட்டுவார் ஒருவருமிலர்.

இனி விளம்பரங்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் வரும் விளம்பரங்களுட் பல, மும்பையில் இந்தியில் எடுக்கப்பட்டு, ஒலி மட்டும் மாற்றப்பட்டு நம்மிடம் வருகின்றன. வாய் ஒன்று அசைய, சொல் வேறொன்று கேட்கின்றது. அக்குறை சிறிது. அவற்றின் மொழியோ பெருங்கேடு விளைப்பது. 'சாஃப்ட்டான', 'கிரிஸ்பியான', 'ஹெல்த்தியான' என்று அவை அடுக்கும் சொற்களை உற்று நோக்குங்கள். வேர் முழுதும் ஆங்கிலம். இறுதியில் ஒட்டியுள்ள 'ஆன' என்னும் ஈறு மட்டும் தமிழ். 'ட்ரை பண்ணுங்க' என்பதில் வினையின் உயிர் ஆங்கிலம். 'பண்ணு' என்பது அதனைச் சுமக்கும் கழுதை. மென்மை, மொறுமொறுப்பு, நலம் ஆகிய சொற்கள் நம் பாட்டியர் நாவில் இருந்தவை; இன்று பேரர் நாவில் இல்லை. ஒரு மொழி தன் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் இழந்து, உருபுகளையும் ஈறுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாழும்? மற்றொரு பக்கம், சாலையோரப் பெரும்பலகைகளில் தூய தமிழ்ச்சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். ஓரிடத்தில் எழுத்துத் தமிழ், சொல் அயல். வேறிடத்தில் சொல் தமிழ், எழுத்து அயல். இரண்டும் ஒருங்கே தமிழாக இருத்தல்தான் அவர்கட்குப் பொறுக்கவில்லை போலும்!

ஆனால், விளம்பரத்துறையே நமக்கு ஒரு நல்ல பாடத்தையும் தந்துள்ளது. 2023 மார்ச்சு மாதத்தில், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தயிர்ப்பைகளின்மேல் 'தஹி' என்னும் இந்திச் சொல்லைப் பொறிக்குமாறும், அந்தந்த மாநிலச் சொல்லை வேண்டுமானால் பிறைக்கோட்டுக்குள் போடுமாறும் பணித்தது. தமிழ்நாட்டு ஆவின் நிறுவனம் அதனை ஏற்கவில்லை. கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. கருநாடகத்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. அம்மாதம் 30-ஆம் நாளிலேயே ஆணையம் தன் கட்டளையைத் திருத்திக்கொண்டது. தயிர் தயிராகவே இருந்தது! இங்கு வரிவிலக்கு ஏதுமில்லை, வருவாய் ஏதுமில்லை. நாள்தோறும் தயிர் வாங்கும் மக்கள் தங்கள் சொல்லை விட்டுத்தர மறுத்தனர்; அதுவே போதியதாயிற்று. 'ஆவின்' என்னும் பெயரும் எண்ணத்தக்கது. ஆவினுடைய பால் என்பதன் முதற்சொல்லே வணிகப்பெயராகி, எழுத்தறியாதவரும் அறிந்த பெயராக விளங்குகின்றது. தமிழ்ப்பெயர் விற்காது என்போர் விடியற்காலையில் எந்தத் தெருவிலேனும் சென்று நின்று பார்க்கட்டும்!

அரசியலும் இன்று ஒரு விளம்பரத்தொழில் ஆகிவிட்டது. கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல் விளம்பர நிறுவனங்களையும் உத்திவகுப்பாளரையும் கூலிக்கு அமர்த்துகின்றன. 1967-இல், "உருபாவிற்கு மூன்று படி அரிசி" என்னும் உறுதிமொழி தமிழ்நாட்டுத் தேர்தல் களத்தில் ஒலித்தது. அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அளந்து பார்க்கத்தக்க சொல் அது. பின்னர்ச் சென்னையிலும் கோவையிலும் ஒரு படியே வழங்கப்பெற்றபோது, "மூன்று படி எங்கே?" என்று கேட்க எவருக்கும் அகரமுதலி தேவைப்படவில்லை. தாய்மொழியில் தந்த வாக்கை மக்கள் அளக்கவும் முடியும். தந்தவரைத் தட்டிக் கேட்கவும் முடியும். 2004-இல் நடுவணரசு 'இந்தியா ஷைனிங்' என்று ஆங்கிலத்தில் ஆக்கிய விளம்பரத்தை மொழிபெயர்த்து நாடெங்கும் பரப்பியது. எது ஒளிர்ந்தது, எவ்வளவு ஒளிர்ந்தது என்று எவரால் அளக்கவியலும்? மக்கள் அவ்வரசையே மாற்றிவிட்டனர்.

இன்று நடுவணரசின் திட்டங்கள் 'சுவச் பாரத்', 'ஆயுஷ்மான் பாரத்' என்று இந்திப் பெயரோடு தமிழ் எழுத்தில் வந்து நிற்கின்றன. 2024 சூலை 1 முதல் குற்றவியல் சட்டமே 'பாரதிய நியாய சன்ஹிதா' என்னும் பெயரில் நடைமுறைக்கு வந்துள்ளது. தன்னைத் தண்டிக்கும் சட்டத்தின் பெயரையும், தனக்கு மருத்துவம் அளிக்கும் திட்டத்தின் பெயரையும் பலுக்கவே இயலாத உழவன், அதில் தனக்குள்ள உரிமையை எவ்வாறு கேட்பான்? தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பெற்ற மகளிர் திட்டத்திற்கு 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டனர். அத்திட்டத்தைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், அச்சொல் செய்த வேலையை மறுக்கவியலாது. 'உதவித்தொகை' என்றிருந்தால் கையேந்தியிருப்பர். 'உரிமைத்தொகை' என்றதால் வரவில்லையெனில் அலுவலகம் சென்று ஏன் என்று கேட்கின்றனர். பெயரில் என்ன இருக்கின்றது என்போர்க்கு இதுவே விடை.

எஞ்சியிருப்பது கணித்தொழில்நுட்பம். இங்குக் கதவு நெடுநாளாகவே திறந்துள்ளது. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் எழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை முறை வந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது. 'வணக்கம்' என்னும் சொல்லைத் தமிழ்99 முறையில் அடிக்க ஆறு தட்டுகள் போதும். ஓர் எழுத்து இரட்டித்தால் இடையிலுள்ள புள்ளியை அதுவே இட்டுக்கொள்ளும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி அதே சொல்லை எழுதினால் எட்டுத் தட்டுகள் வேண்டும். எளியதைக் கைவிட்டு அரியதைச் செய்கின்றோம். அதற்கு 'விரைவு' என்று பெயரும் சூட்டுகின்றோம்! இத்துறையில் நமக்கு எந்த அரசும் தடையில்லை, எந்த வணிகனும் தடையில்லை. கைப்பேசி நம் கையில். விசை நம் விரலில். இங்கும் தமிழ் இல்லையெனில் குற்றம் எவருடையது?

இதில் பொருட்படுத்தத்தக்க கணக்கு ஒன்றுண்டு. வங்கிப் பணப்பொறியில் எத்தனை பேர் தமிழைத் தொட்டனர், தொலைப்பேசி உதவிப்பிரிவில் எத்தனை பேர் தமிழுக்குரிய எண்ணை அழுத்தினர், கைப்பேசியில் எத்தனை பேர் தமிழ் எழுத்தில் தேடினர் என்பதையெல்லாம் பொறிகள் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. அவ்வெண்ணே நாளை வணிகன் எடுக்கும் முடிவு. நாம் ஆங்கிலத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும், "இவர்கட்குத் தமிழ் தேவையில்லை" என்று நாமே கையெழுத்திட்டுத் தருகின்றோம். மேடையில் ஆயிரம் முறை தமிழ் வாழ்க என்று முழங்கினாலும் அக்கையெழுத்து அழியாது.

ஆகவே, அரசு சலுகை தரட்டும், சட்டம் இயற்றட்டும், அவற்றை வரவேற்போம். ஆனால், அவற்றை மட்டும் நம்பிக் கிடத்தல் கூடாது. வரி ஒருநாள் மாறும். அரசு ஒருநாள் மாறும். மாறாமல் இருக்கவேண்டியது வாங்கும் தமிழனின் வேண்டுகை ஒன்றே. பணப்பொறியில் தமிழைத் தொடுங்கள். உதவிப்பிரிவில் தமிழில் விடை வரும்வரை காத்திருந்து பெறுங்கள். கடைக்காரரிடம் தமிழில் பட்டியல் கேளுங்கள். தமிழ்ப்பெயர் தாங்கி வரும் நல்ல படத்தை முதல் கிழமையிலேயே சென்று பாருங்கள். பெயருக்காகவே வந்தோம் என்று எடுத்தவர்க்கு இருவரி எழுதுங்கள். விளம்பரச் சொல் தமிழைக் கெடுத்தால் அந்நிறுவனத்திற்குத் தமிழிலேயே மடல் விடுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். ஓராயிரவர் எழுதினால் விற்பனைப் பிரிவின் மேசைக்குப் போகும்.

இவற்றுள் எதற்கும் சிறை செல்ல வேண்டியதில்லை, அடிபட வேண்டியதில்லை. இம்மொழிக்காக 1939-இலும் 1965-இலும் உயிரையே ஈந்தவர்கள் நம் முன்னோர். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு விரலின் அசைவு. அதனையேனும் இன்றே தொடங்குவோம்.