கேள்வி எங்கே?

அண்டம் அதிர்கிறது, விண்கலங்கள் வெடிக்கின்றன, வேற்றுலகப் படை வீழ்கிறது. காதிலே கருவியை மாட்டிக்கொண்டு கண்மூடிக் கேட்கிறான் தமிழிளைஞன். முதற் பாகம் முடித்தான், இரண்டாம் பாகம் முடித்தான், மூன்றாம் பாகத்தின் முடிவுக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறான். ஆங்கில ஒலிநூல்! கேட்கட்டும். கட்டுக்கதை என்று கேலி பேசும் கூட்டத்தில் நாம் இல்லை. அறிவியலை அடித்தளமாகக் கொண்ட கற்பனை அடிமைப் புத்தியை அகற்றும் என்பதே நம் கருத்து. ஆனால் ஒன்று கேட்போம்: வீழ்ந்தவன் யார்? அவனைப் பகைவன் என்று சொன்னவர் யார்? சொன்னவருக்கு அதனால் என்ன இலாபம்?

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு இரு பொருள். காதால் கேட்பதும் கேள்வி. காரணம் கேட்பதும் கேள்வி. பின்னதை மறந்தவனுடைய செவி, எவரும் எதையும் ஊற்றிச் செல்லும் குடம்! 1938 அக்டோபர் 30 அன்று, செவ்வாய்க் கோளத்தார் படையெடுத்ததாக ஒரு நாடகத்தைச் செய்தி அறிக்கை போலவே அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பினார் ஆர்சன் வெல்ஸ். கேட்டோரில் சிலர் உண்மையென்று நம்பி நடுங்கினர். நாடே நடுங்கியதென்று நாளேடுகள் ஊதிப் பெருக்கின. நாடகத்தை நம்பியவர் சிலர். நாளேட்டை நம்பியவரோ பலர்!

அந்த நாடகத்துக்கு மூலமான நாவல் எச்.ஜி. வெல்ஸ் எழுதியது, 1898இல் நூலாக வந்தது. இங்கிலாந்தைச் செவ்வாயார் எரித்துப் பொசுக்கும் கதை. எழுதியவர் ஆங்கிலேயர், எனினும் முதல் அத்தியாயத்திலேயே, டாஸ்மேனியத் தீவின் மண்ணின் மைந்தர்மீது ஐரோப்பியர் நடத்திய அழிவுப் போரைத் தம்மவருக்கு நினைவூட்டினார். வியட்நாம் போரில் காயமுற்றுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் 1974இல் வெளியிட்ட நாவலில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட விண்போர், தவறான எண்ணத்தால் மூண்டதென்று கடைசியில் தெரியவருகிறது.

சீன எழுத்தாளர் லியூ சிசினின் மூன்று நூல் வரிசையையும் எடுத்துக்கொள்வோம். அண்டம் ஓர் இருண்ட காடு, முன்பின் அறியாதவனைக் கண்டால் முந்திக்கொண்டு சுட வேண்டும் என்ற கொள்கையைப் பேசுகிறது இரண்டாம் நூல். 2010இல் வெளியான மூன்றாம் நூலில் சூரியக் குடும்பமே அழிகிறது. அழித்தவனின் முகம்கூட நமக்குத் தெரிவதில்லை. ஆனால் இறுதியில் ஒலிப்பது வெற்றி முரசன்று. அண்டத்திலிருந்து எடுத்த பொருளைத் திருப்பித் தாருங்கள், அது மீண்டும் பிறக்கட்டும் என்ற அழைப்பு! வெடியோசையை மட்டும் கேட்டவன் காதில் இந்தக் குரல் விழுந்ததா?

தூத்துக்குடிக் கரையில் நின்று ஒருவர் நம்மை மடக்கலாம்: “இங்கே போர்த்துக்கீசியன் வந்தான், 1658இல் டச்சுக்காரன் அவனை விரட்டி ஊரைப் பிடித்தான், பின்னர் ஆங்கிலேயன். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி.யை 1908இல் சிறையில் தள்ளியவன் அயலான்தானே? அயலான் என்றால் அஞ்சத்தானே வேண்டும்?”

வாதம் வலுவானதே. ஆனால் வரலாறு அதோடு நிற்கவில்லையே! அவர்களுக்கெல்லாம் முன்னர், கொற்கை முத்தைத் தேடி யவனர் வணிகம் செய்தனர், நாடு பிடிக்கவில்லை. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், பாண்டியனுக்குரிய கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று குறிக்கிறது. மூச்சடக்கிச் சிப்பி அள்ளியவனும் தமிழன். அவனை மூழ்கடித்து முத்து மாலை பூண்டவனும் தமிழன்! ஒடுக்குபவனைப் பிறந்த இடம் காட்டிக் கொடுக்காது. செயல்தான் காட்டிக் கொடுக்கும். வேற்றுலகத்தான் என்பதாலேயே பகைவன் என்று நம்பப் பழகிய செவி, வேற்றுச் சாதியான், வேற்று மொழியான், வேற்றூரான் என்றதும் ஆராயாமல் தலையசைக்காதா? ஊருக்கு வெளியே சேரியை ஒதுக்கி வைத்தானே, அவனுடையதும் அதே இருண்ட காட்டுக் கொள்கைதானே!

வேற்றுலகக் கற்பனை தமிழுக்குப் புதிதன்று. 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ படத்தில் வேற்றுலகத்தார் பூமிக்கு வந்தது பொன்னுக்காக அன்று, பாட்டுக்காக! அந்த வித்து முளைத்து மரமாக வேண்டாமா? ஒருவர் படிக்கப் பலர் கேட்டு, கேட்டவர் எழுந்து எதிர்வாதம் பேசிய படிப்பகங்கள் நம்முடையவை. இன்று கைப்பேசியே படிப்பகம். அதில் நல்ல தமிழில் அறிவியல் கதைகள் ஒலிக்கட்டும். முத்துக் குளித்தவனின் பேரன் எழுதட்டும். பேத்தி குரல் கொடுக்கட்டும். படையெடுத்து வந்தவன் கதையை இதுவரை அவனே சொன்னான். படையெடுப்புக்கு ஆளான கரை இனிச் சொல்லட்டும்.

தோழர்களே! மூன்றாம் பாகம் முடிந்ததும் கைதட்டிவிட்டு உறங்கப் போகாதீர்கள். பத்துப் பேர் கூடுங்கள். போரை மூட்டியவன் யார், மடிந்தவன் யார், கொள்ளை எவன் வீட்டுக்குப் போயிற்று என்று கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்கத் தெரியாதவனுக்கு எந்த உலகத்திலும் விடுதலை இல்லை!