எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு வகுத்தல் தெரியவில்லை... தப்பு யார் மேல்? அரசு நடுநிலைப் பள்ளிகளின் கணக்கு

ஜூன் வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஆறாம் வகுப்புக்கு எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்?" பக்கத்துத் தெரு அரசு நடுநிலைப் பள்ளியின் பெயரை யாராவது சொன்னால் உடனே பதில் வரும்: "அங்க எட்டாவது படிக்கிற பசங்களுக்கே வகுத்தல் வராதே!"

இதில் உண்மை இருக்கு. ஆனா பாதிதான். மீதிப் பாதியைப் பார்ப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

'பிரதம்' அமைப்பின் 'ஏசர்' ஆய்வு, கிராமப்புறப் பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே சந்தித்து, வாசிக்கவும் கணக்குப் போடவும் வைத்துப் பார்க்கிறது. 2024 ஆய்வின்படி, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாடு முழுக்க 45.8% பேர்தான். இது அரசுப் பள்ளிகள் மட்டுமல்ல, தனியார் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு.

வாசிப்பு? அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பில் 67.5% பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறார்கள். அதாவது, மூன்றில் ஒருவரால் அதுகூட முடியவில்லை.

வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்றால் 1 முதல் 8 வரை. கட்டணம் கட்ட முடிந்தவர்களில் பலர் பிள்ளையைத் தனியாரில் சேர்த்துவிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடத்துக்கு விண்ணப்பிக்கத் தெரிந்த பெற்றோரில் சிலரும் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். மகன் ஸ்கூல் வேனில், மகள் நடந்து அரசுப் பள்ளிக்கு என்று பிரித்து அனுப்பும் வீடுகளும் உண்டு.

மிச்சம் இருப்பவர்களில் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறவர்கள், செங்கல் சூளை சீசனில் குடும்பத்தோடு ஊர் மாறுகிறவர்கள் அதிகம். திருப்பூர் போன்ற ஊர்களில் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டு, தமிழில் பாடம் கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

இவர்களின் மார்க்கையும் டியூஷன் போகும் பிள்ளைகளின் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'எந்தப் பள்ளி பெஸ்ட்' என்று கேட்டால், பதிலில் பாதி பள்ளியைப் பற்றியதே அல்ல, வீட்டைப் பற்றியது.

அப்போ எல்லாம் குடும்பப் பின்னணிதானா?

அங்கேதான் ஒரு திருப்பம். கொரோனா காலத்தில் வருமானம் போனதால் பலர் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். 6-14 வயதில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018-ல் 65.6%, 2022-ல் 72.9%. நிலைமை சரியானதும் திரும்பிப் போனார்கள்: 2024-ல் 66.8%.

கட்டணம் கட்ட முடிந்தவர்கள் வெளியேறினால் அரசுப் பள்ளியின் சராசரி இறங்கணும் இல்லையா? ஏறியது. அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிப்பவர்கள் 2018-ல் 44.2%, 2022-ல் 38.5%, 2024-ல் 44.8%. விட்டதைப் பிடித்து, ஒரு படி மேலேயும் போயாச்சு. தனியாரில் இதே எண் 65.1, 56.8, 59.3. இடைவெளி இன்னும் பெரிதுதான். ஆனால் வேகமாக மீண்டது அரசுப் பள்ளி.

பின்னணி முக்கியம்தான், ஆனால் அதுவே தலையெழுத்து இல்லை.

ஆறாம் வகுப்பில் என்ன ஆகிறது?

எட்டாம் வகுப்பில் இந்த மீட்சி முழுசாக வரவில்லை. அரசுப் பள்ளி எண்கள்: 2018-ல் 69%, 2022-ல் 66.2%, 2024-ல் 67.5%.

2024-ல் எட்டாவது படித்தவர்கள் யார் என்று பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2020-21-ல் அவர்கள் நாலாம் வகுப்பு. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ல். நாலாம் வகுப்பு முழுசும், ஐந்தாம் வகுப்பில் பாதியும் வீட்டிலேயே போனது. நீண்ட வகுத்தலைப் பழகவேண்டிய வயது அது.

2021-ல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகள் எட்டாவது வரை இருந்தன. ஆனால் வகுப்பறைக்குள்ளேயே பாடத்தை மாற்றிய 'எண்ணும் எழுத்தும்' 2022 ஜூனில் 1-3 வகுப்புகளுக்குத்தான் வந்தது. பிறகு ஐந்து வரை நீண்டது. அது வந்தபோது இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் 1-5 வகுப்புகளுக்கே. ஒரே பள்ளி வளாகம். ஆனால் தம்பிக்கு உப்புமா கிடைக்கும், ஆறாவது படிக்கும் அக்காவுக்குக் கிடையாது.

2025-26-ல் 6 முதல் 9 வகுப்புகளுக்கு 'திறன்' என்ற அடிப்படைப் பயிற்சித் திட்டம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் அதற்குள் அந்த பேட்ச் ஒன்பதாம் வகுப்பு.

ஃபெயில் ஆக்கினால் சரியாகுமா?

2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்றது. தமிழ்நாடு ஏற்கவில்லை. நாலாம் வகுப்பில் விட்டதை எட்டாம் வகுப்பில் கண்டுபிடித்து, திரும்ப எட்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தினால் வகுத்தல் வந்துவிடாது. அதேசமயம், எல்லோரையும் பாஸ் போட்டு அனுப்பிவிட்டு, விட்டதைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தாலும் பலன் அதேதான்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

முதலில், வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 12 பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளையின் மார்க் மட்டுமே 8%-ஐ மாற்றிவிடும். அங்கே சதவீதத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. அடுத்து, 6-8 வகுப்புகளுக்கு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி என்று தலா ஓர் ஆசிரியராவது இருக்கிறாரா? சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. கடைசியாக, ஆறாவதில் வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை எட்டாவது முடிக்கும்போது எங்கே நிற்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்குத்தான். இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய இடம் அது.

நாலாம் வகுப்பை வீட்டில் கழித்த அந்த பேட்ச், 2027-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவேண்டியது. அந்த ரிசல்ட்டில் மார்க் குறைந்தால், "அரசுப் பள்ளின்னா அப்படித்தான்" என்று சொல்வதற்கு முன் 2020-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.