நகலெடுப்பது படிப்பாகாது

வகுப்பில் கையால் எழுதிய குறிப்பை வீட்டில் கணினியில் அடித்து வைத்தால் பாடம் நன்றாகப் பதியும் என்று கடையநல்லூர்ப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

தட்டச்சுப் பயிலகத்தில் பழகியவர்களுக்குத் தெரியும்: வேகம் கூடக் கூட, எழுத்து கண்ணிலிருந்து நேரே விரலுக்குப் போய்விடும், பொருள் மனத்தில் தங்காது.

2006-இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள்; படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களோ 56 விழுக்காடு. நினைவிலிருந்து தோண்டியெடுக்கும் உழைப்புதான் பாடத்தை மனத்தில் நிறுத்துகிறது; பார்த்து அடிப்பதில் அந்த உழைப்பு இல்லை.

தட்டச்சுப் பிரதி தெளிவாக இருக்கும், தேடவும் எளிது, மறுக்கவில்லை. சொந்தச் சொல்லில் சுருக்கி அடித்தால் பயனும் உண்டு. ஆனால் அங்கே உதவுவது சிந்தனை, விசைப்பலகை அல்ல. தமிழறிஞர் உ.வே.சா. ஓலைச்சுவடி ஏட்டைப் பெயர்த்தெழுதியதோடு நிற்கவில்லை; பல ஏடுகளை ஒப்பிட்டார், புரியாததைச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அதனால்தான் 1887-இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியின் பதிப்பு வந்தது.

மாணவர்களே, நோட்டை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். அதுவே படிப்பு.