முதல் பக்கத்தில் வரவைப்போம்! – எஸ்.இ.ஓ. என்கிற கள்ள ஓட்டு

"உங்கள் இணையதளத்தை முப்பதே நாளில் கூகிளின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம்!"

இணையதளம் தொடங்கிய யாருக்கும் இந்த மின்னஞ்சல் புதிதல்ல. கீவேர்ட், மெட்டா டேக், பேக்லிங்க் என்று நாலு வார்த்தையை வீசுவார்கள், கூடவே ஒரு விலைப்பட்டியலும் இருக்கும். வார்த்தை புரியாததால் பயம், பயத்தால் பணம். எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி உகப்பாக்க வியாபாரத்தின் மோசமான பாதி இந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் நேர்மையான வேலை, மீதி கள்ள ஓட்டு. அவ்வளவுதான்.

தேடுபொறி செய்வது மூன்று வேலை. கிராலர் என்ற நிரல், சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததை இண்டெக்ஸ் செய்கிறது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதேதான். பிறகு யாராவது தேடும்போது எதை முதலில் காட்டுவது என்று வரிசைப்படுத்துகிறது. இதுதான் ரேங்கிங். சண்டையெல்லாம் இந்த மூன்றாவதில்தான்.

கீவேர்ட் என்பது தேடுபவர் தட்டுகிற சொல். 1995-இல் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள், பக்கத்தில் இருக்கும் சொற்களைத்தான் பெரிதும் நம்பின. உடனே ஒரே சொல்லை நூறு முறை எழுதி நிரப்பினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்தும் வைத்தார்கள். இதற்குப் பெயர் கீவேர்ட் ஸ்டஃபிங். கீவேர்ட் மெட்டா டேக் என்பது, ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் விவரம். படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தற்புகழ்ச்சிக்கு இதைவிட வசதியான இடம் ஏது? ரேங்கிங்குக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகிள் பகிரங்கமாகவே சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதை நிரப்பித் தரக் காசு கேட்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லையேல் எதிராளிக்கு விவரம் தெரியாது என்று நினைப்பவர்.

தற்புகழ்ச்சியை நம்பக்கூடாது, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க்கின் அடிப்படை இதுதான். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தால் அது ஒரு ஓட்டு. நிறைய ஓட்டு வாங்கிய பக்கம் போடும் ஓட்டுக்கு எடை அதிகம். இப்படி வெளியிலிருந்து வரும் சுட்டிக்குப் பெயர் பேக்லிங்க். சுட்டி எந்தச் சொற்களின் மேல் இருக்கிறதோ, அது ஆங்கர் டெக்ஸ்ட்.

அருமையான யோசனை. ஆனால் ஓட்டுக்கு மதிப்பு வந்த அன்றே ஓட்டுக்கு விலையும் வந்துவிட்டது!

ஒன்றுக்கொன்று சுட்டி கொடுப்பதற்கென்றே உருவான தளக் கூட்டத்துக்கு லிங்க் ஃபார்ம் என்று பெயர். ஊரார் பதிவுகளின் பின்னூட்டங்களில் எல்லாம் சுட்டியைக் கொட்டினார்கள். அதைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகிள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியை ஏற்றுக்கொண்டன. "இந்தச் சுட்டியை ஓட்டாக எண்ணாதே" என்று பொருள். ஆங்கர் டெக்ஸ்ட்டும் தப்பவில்லை. 2003-இல் 'மிசரபிள் ஃபெய்லியர்' என்று கூகிளில் தேடினால் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. பலர் கூடிப் பேசி, அந்தச் சொற்களின் மேல் அந்தப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்ததன் விளைவு. கூகிள் அதைச் சரிசெய்தது 2007 ஜனவரியில்.

இதெல்லாம் சில்லறை ஆசாமிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகிள் நீக்கியது. இயந்திரத்துக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறு பக்கம். டோர்வே பேஜ் என்கிறார்கள். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்காக, துணிமணிக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களில் எல்லாம் சுட்டிகள் நடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்றது நிறுவனம். தனது எஸ்.இ.ஓ. ஆலோசகர்களை வேலையை விட்டு நீக்கியது. பி.எம்.டபிள்யூ தளம் சில நாட்களிலேயே திரும்ப வந்துவிட்டது. தெருமுனையில் கடை வைத்திருப்பவரின் தளம் நீக்கப்பட்டால் எத்தனை பத்திரிகை எழுதும்?

"அப்படியானால் எஸ்.இ.ஓ. முழுக்க மோசடியா?" இல்லை. பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு வைப்பது, விலையையும் முகவரியையும் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுவது, பக்கம் சீக்கிரம் திறக்கும்படி செய்வது, கைபேசியில் படிக்க முடிவது, சைட்மேப் என்ற பக்கப் பட்டியலைத் தருவது... எல்லாம் நல்ல வேலைகள். இதற்கு 'ஒயிட் ஹேட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், திருட்டு வேலைக்கு 'பிளாக் ஹேட்'. நல்ல வேலைகளைச் சொல்லித்தரும் கையேட்டைக் கூகிள் இலவசமாகவே தருகிறது. முதலிடம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அப்புறம் அந்த "முப்பதே நாளில்" எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில் வியாபாரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "கூகிள் மட்டும் யோக்கியமா?" நியாயமான கேள்விதான். விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி, தேடுபவரை விட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998-இல் எச்சரித்தவர்கள் அதே பேஜும் பிரின்னும்தான். 2000-இல் அவர்களே விளம்பரக் கடை திறந்தார்கள். தேடல் சந்தையில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் கட்டிக்காத்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கூகிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆக, தேர்தல் அதிகாரியே கடை வைத்திருக்கிறார். அதனால் கள்ள ஓட்டு நல்ல ஓட்டு ஆகிவிடுமா? அதிகாரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஏமாறுவது ஓட்டை நம்பி வந்தவர்.

அவர் யார்? குழந்தைக்குக் காய்ச்சல், எந்த மருந்து எத்தனை சொட்டு என்று நள்ளிரவில் தேடுகிற தாய். அவர் முன்னால் முதலாவதாக வந்து நிற்பது மருத்துவம் தெரிந்தவர் எழுதியதா, கீவேர்ட் நிரப்பத் தெரிந்தவர் எழுதியதா என்பதுதான் விஷயம். குப்பைக் கட்டுரைத் தளங்களுக்கு எதிராக 2011-இல் பாண்டா, போலிச் சுட்டிகளுக்கு எதிராக 2012-இல் பெங்குவின், மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் புதிய விதிகள் என்று கூகிள் பூட்டு போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. எல்லாப் பூட்டும் திருட்டு நடந்த பிறகு போட்டவை.

அடுத்த முறை அந்த மின்னஞ்சல் வந்தால் ஒரே ஒரு பதில் போதும்: "சுட்டிகள் எந்தெந்தத் தளங்களிலிருந்து வரும், அவர்கள் ஏன் தருவார்கள்?" நேர்மையானவர் உட்கார்ந்து விளக்குவார். மற்றவரிடமிருந்து பதில் வராது, விலைப்பட்டியல்தான் மறுபடியும் வரும். பேசாமல் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடலாம்.