எவர் இட்ட பெயர்?

“நான் யார்?” இந்தக் கேள்வியை இன்றைய நம் எழுத்தாளப் பெருமக்கள் விட்டபாடில்லை. புதினத்திலே கேட்கின்றனர்; தொகுதியின் முன்னுரையிலே கேட்கின்றனர்; பரிசளிப்பு மேடையிலே மாலையும் கழுத்துமாக நின்றும் கேட்கின்றனர். கேட்கட்டும்! கேள்வி கேட்பவனைக் கண்டு முகம் சுளிக்கும் கூட்டமல்ல நாம். ஆனால், கேட்ட கையோடு அவர்கள் தரும் விடை இருக்கிறதே, அதைத்தான் உரைகல்லில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேறெங்கும் போக வேண்டாம், இராமநாதபுரச் சீமைக்கும் இராமேசுவரக் கரைக்கும் வாருங்கள் தோழர்களே! அங்கே வைத்து உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது விடை, யாத்திரைக்காரர் தரும் விடை. வார, மாத ஏடுகளில் ஆண்டுதோறும் வருகிற கதைதான். கதைத்தலைவர் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ புறப்படுவார். கையிலே தந்தையின் சாம்பல், நெஞ்சிலே தீராத வெறுமை. 1914-இல் திறந்த பழைய பாலமோ, 2025-இல் திறந்த புதிய பாலமோ, பாம்பனைத் தாண்டும்போது அவர் கண்ணுக்குக் கடல் தெரியாது, “எல்லையின்மை” தெரியும்! அக்கினி தீர்த்தத்தில் மூழ்குவார். 22 தீர்த்தங்களிலும் நனைவார். தனுசுகோடியின் இடிந்த சுவரருகே நின்று யாவும் மாயை என்று உணர்வார். தம்மைக் கண்டடைந்து விட்டார்! மறுநாள் வண்டியேறுவார். கதை முடிந்தது.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தீர்த்தங்களிலே வாளி வாளியாக நீர் இறைத்து இவர் தலையில் ஊற்றினானே ஒருவன், அவனுக்குக் கதையிலே பெயருண்டா? 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல், இவருக்கு நிலையாமையின் சின்னம். அந்த மணலிலே தாயையும் தகப்பனையும் பறிகொடுத்தவர்களுக்கு அது சின்னமா? வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பின்னும் அங்கே குடிசை போட்டு வலை இழுக்கிறார்களே, அவர்கள் மாயையையா பிடித்துக் கரைசேர்க்கிறார்கள்?

பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களிலே துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டி, மூச்சையடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுத்து வருகிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. அன்று முதல், தாயும் பாட்டியும் போய்வந்த தீவுக்கு மகள் போனால் அத்துமீறியவள்! சட்டத்தின் ஏட்டிலே குற்றவாளி, சுற்றுலாப் பயணியின் படத்திலே காட்சி, நம் கதாசிரியரின் ஏட்டிலே பின்னணி. நீருக்கடியிலே மூச்சுத் திணறும் அந்த நொடியில் அவள் எதை எண்ணுகிறாள்? அவளுக்கும் ஒரு “நான்” உண்டு என்பது, சாம்பற்செம்போடு வந்தவருக்குத் தோன்றவே இல்லையே!

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். “ஊரற்ற, உறவற்ற ஆன்மா அல்லன் நான். இந்த மண்ணின் மகன். இன்ன குலத்தான். என் பாட்டன் அரிவாள் பிடித்தவன், என் குலதெய்வம் எல்லையில் நிற்கிறது, என் இரத்தத்திலே இன்ன குணம் ஓடுகிறது” என்று மார்தட்டும் விடை. மண்ணின் மணம், இனவரைவியல் என்றெல்லாம் அறிஞர் சிலர் அதற்குப் பெயரிட்டுப் பாராட்டுகின்றனர். பேச்சுவழக்கும் சடங்கும் சாப்பாடும் பிசகாமல் எழுதப்பட்டிருப்பது மெய். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அங்கே மனிதனைக் காணோமே! குலம் பேசுகிறது, மனிதன் வாயசைக்கிறான்.

இங்கே நாம் நிதானித்துப் பேச வேண்டும். ஏனெனில் இந்த வகையின் பின்னால் ஒரு பெருங்கொடுமையின் வரலாறு இருக்கிறது. 1871-இல் வெள்ளையன் இயற்றி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், தொட்டிற்குழந்தையையும் கள்வன் என்று எழுதியது. கைரேகை பிடித்தது, இரவு நேரத்திலே ஆடவரைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் பட்டியலில் சரிபார்த்தது. மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கியால் சுட்டது. பெருநாழியைச் சேர்ந்த வேல ராமமூர்த்தியின் ‘குற்றப் பரம்பரை’, இந்த அநீதியைச் சூடு தணியாமல் சொல்லும் புதினம். வேயன்னா என்னும் மனிதரை அவர் நிறுத்தும் நிலையிலே படிப்போர் நெஞ்சு விம்மும். அந்தச் சினம் நியாயமான சினம். அதை ஏளனம் செய்பவன் நம் தோழனல்லன்.

ஆயின், அப்புத்தகத்தை மூடிவைத்து ஓர் இளைஞன் எதைக் கையிலெடுத்துக்கொண்டு எழ வேண்டும்? பிறப்பால் கள்வன் என்று எழுதியது பொய் என்பதை அல்லவா! பிறப்பால் கள்வன் என்பது பொய்யானால், பிறப்பால் வீரன் என்பது மெய்யாவது எப்படி? இரண்டும் ஒரே ஏட்டில், ஒரே மையால் எழுதப்பட்டவையல்லவா? முன்னதைக் கிழித்தெறிந்துவிட்டுப் பின்னதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வது விடுதலையாகுமா? வேல ராமமூர்த்தியின் பின்னே வரும் படியெடுப்பாளர்களை நோக்கித்தான் இதைக் கேட்கிறோம். அவரிடமுள்ள வலியை விட்டுவிட்டு மீசையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுபவர்கள், வெள்ளையனின் பட்டியலைத் தங்கக் காகிதத்தில் மறுபதிப்புச் செய்கிறார்கள்.

இதே சீமையில் 1957 செப்டம்பரிலே நடந்ததை நினைத்துப் பாருங்கள். முதுகுளத்தூர் வட்டாரத்தின் பூசலைத் தீர்க்க ஆட்சியாளர் கூட்டிய பேச்சுக் கூட்டத்திலே, ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளராக, படையிலே பணியாற்றித் திரும்பிய இம்மானுவேல் சேகரன் சமமாக அமர்ந்து பேசினார். செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு பரமக்குடியிலே அவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் ஊர்கள் எரிந்தன, உயிர்கள் போயின. “நானும் நீயும் சமம்” என்று ஒரு மனிதன் நிமிர்ந்து உட்காரும் அந்த நொடி இருக்கிறதே, அதைவிடத் தன்னிலை என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா? அந்த நாற்காலியிலிருந்து உலகம் எப்படித் தெரிந்தது என்று உள்ளிருந்து எழுதத் துணியும் புதினங்கள் எத்தனை? அரிவாளின் அழகை வருணிக்கத் தெரிந்த பேனாவுக்கு நாற்காலியின் உயரம் ஏன் எட்டவில்லை?

யாத்திரைக்காரருக்கு ஆன்மா, குலப்பெருமைக்காரருக்கு இரத்தம். இரண்டுமே பிறப்போடு வந்தவை, கேட்டுப் பெறாதவை, கேள்விக்கு அப்பாற்பட்டவை! வெளியே பகைபோலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே வீட்டில் பெண்ணெடுத்த சகலைகள்.

வேறு விதமாக எழுத முடியாதா? முடியும். எழுதியும் காட்டியிருக்கிறார்கள். 1985-இலே மூன்றாகப் பிரிக்கப்படும் வரை பரந்து கிடந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் புதுப்பட்டியிலே பிறந்தவர் பாமா. அவருடைய ‘கருக்கு’ 1992-இலே வெளிவந்தது. அதைத் தன்வரலாறு என்பர் சிலர், புதினம் என்பர் சிலர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். அதிலே வரும் ஒரு சிறு நிகழ்ச்சியைப் பாருங்கள்.

பள்ளிவிட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடப்பதைக் காண்கிறாள். கோமாளித்தனமாக இருக்கிறது அவளுக்கு. சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தொட்டால் தீட்டு, ஆகவே முதலாளியின் பலகாரத்தை அப்படித்தான் தூக்கிப் போக வேண்டும் என்று விளக்குகிறான். சிரிப்பு நின்று போகிறது. அந்தப் பலகாரத்தைப் போய்த் தானே தொட்டுவிடலாமா என்னும் கொதிப்பு எழுகிறது.

இங்கே பிறந்தது எது? குலப்பெருமையா? இல்லை. கடற்கரை ஞானமா? அதுவும் இல்லை. தன் மேல் ஒருவன் எழுதிவைத்த பெயரை ஒரு குழந்தை முதன்முதலாகப் படித்துப் பார்க்கிறது. படித்த மறுகணமே அது பொய் என்று அறிகிறது. “நான்” பிறக்கும் இடம் அதுதான்! ஆன்மாவைத் தேடிக் காதவழி போகத் தேவையில்லை. கடைத்தெருவிலே, ஒரு முழ நூலிலே தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதே பக்கங்களிலே இன்னொன்றும் உண்டு. ஊருக்கு வந்த அண்ணனை வழியிலே ஒருவன் மரியாதையாகத்தான் விசாரிக்கிறான். பெயரைக் கேட்கிறான். பெயரிலே பிடிபடவில்லை. உடனே, எந்தத் தெரு என்று கேட்கிறான். பெயரில் பிடிபடாத சாதியைத் தெருவிலே பிடிக்கும் அந்த நயமான வலை இருக்கிறதே, நம் இலக்கிய உலகமும் அதே வலையைத்தான் இன்று வீசிக்கொண்டிருக்கிறது. பாமா எழுதினால் தலித் இலக்கியம். தோப்பில் முகம்மது மீரான் எழுதினால் இசுலாமிய இலக்கியம். ஜோ டி குருஸ் எழுதினால் நெய்தல் இலக்கியம். முகாமிலிருந்து ஒருவர் எழுதினால் அகதி இலக்கியம். அடைமொழி எதுவும் இல்லாமல் வெறும் “இலக்கியம்” என்று பெயர் பெறுவது யாருடைய எழுத்து? அவர்கள் எந்தத் தெரு என்று எந்தத் திறனாய்வாளராவது கேட்டதுண்டா? அவர்கள் எழுதினால் மனிதகுலத்தின் துயரம், இவர்கள் எழுதினால் வட்டாரத்தின் ஆவணம்! நல்ல நியாயம்!

உடனே ஒரு புத்திசாலி எழுவார்: “அப்படியானால் சாதிச் சான்றிதழையும் கிழித்தெறியச் சொல்கிறீர்களா?” இல்லை ஐயா, இல்லை. சான்றிதழ் காயத்தின் ஆழத்தைக் குறித்துத் தரும் சீட்டு. அதைக் காட்டித்தான் மருந்து பெற முடியும் என்றால் பெற்றே தீர வேண்டும். ஆனால் மருத்துவச் சீட்டை யாரும் தன் நிழற்படம் என்று கூடத்திலே மாட்டிக்கொள்வதில்லை. புதினம் எழுதுபவர் இந்த வேறுபாட்டை அறிய வேண்டாமா?

பெயர் சூட்டுவது குலம் மட்டுமன்று. இந்தக் கரையிலே அரசுகளும் பெயர் சூட்டின. தேயிலைக் காட்டுக்குப் போன தமிழன் மண்டபம் முகாமிலே தொற்று நோய்க்காகத் தடுத்து வைக்கப்பட்டு, “கூலி” என்னும் பெயரோடு கடல் கடந்தான். 1948-இலே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவன் பேரப்பிள்ளைகளை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரிலே இரு நாட்டுத் தலைமை அமைச்சர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டனர். மிஞ்சிய 1,50,000 பேரைப் பங்கிட மேலும் பத்தாண்டு ஆயிற்று! தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்திலே இறங்கியவர்களுக்குச் சூட்டிய பெயர் “தாயகம் திரும்பியோர்”. பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது? அங்கே இந்தியக்காரன், இங்கே சிலோன்காரன். 1983-க்குப் பின் படகேறி வந்தவர்கள் “அகதிகள்”. 2021-இலே தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு “மறுவாழ்வு முகாம்” என்று பெயர் மாற்றியது. நல்ல மனத்தோடு செய்த மாற்றம், வரவேற்கிறோம். ஆயின் 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பலகையில் பெயர் மாறிற்று, கையிலுள்ள தாளில் மாறவில்லை.

இந்த அரசாங்கத் தாளிலிருந்தே ஒரு புதினத்தைத் தொடங்கினார் ஷோபாசக்தி. 2001-இலே வந்த ‘கொரில்லா’, பிரெஞ்சு அரசிடம் அடைக்கலம் கேட்கும் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. உயிர் பிழைக்க வேண்டுமானால் தன்னைத் தானே கதையாகச் சொல்லியாக வேண்டும். அதுவும் அதிகாரி நம்பும்படி சொல்லியாக வேண்டும்! அதன் தலைவன் ரொக்கிராஜ், ஊரை அடித்து உலையிற் போடும் தகப்பனிடமிருந்து ஓடி இயக்கத்திலே சேர்கிறான். தகப்பனுக்கு ஊரார் வைத்த “கொரில்லா” என்னும் பட்டப்பெயர் மகனையும் துரத்திக்கொண்டே போகிறது. குடும்பமும் இயக்கமும் அரசும் மாறி மாறி அவன் நெற்றியிலே எழுதுகின்றன. அவனைத் தியாகியாக்கி நம் கண்ணீரைச் சுரண்டவில்லை ஆசிரியர். அதுதான் எழுத்தின் நேர்மை.

“சரி, தமிழன் என்பதும் இட்ட பெயர்தானே, அதை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்கும் தம்பிமார் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சிங்கம்புணரியிலே 1920-இலே பிறந்து மேடான் வரை போய் உழைத்த ப. சிங்காரம், ‘புயலிலே ஒரு தோணி’யில் அதைக் கேட்டிருக்கிறார். 1972-இலே வெளிவந்த அப்புதினத்திலே, பாண்டியனும் நண்பர்களும் கூடிப் பேசும் பக்கங்களில் நம் பழம்பெருமைப் பேச்சைச் சிங்காரம் கிழித்துத் தொங்கவிடுகிறார். நம் மேடை நடையும் அந்த எள்ளலுக்குத் தப்பவில்லை. படிக்கும்போது நமக்கே சுரீரென்கிறது. சுடட்டுமே! தமிழன் என்பது, எந்தத் தெருவிலிருந்து வந்தவரும் நுழையக் கூடிய, நுழைந்தபின் எதிர்த்துப் பேசவும் கூடிய வீடாக இருக்கும் வரை அது நம் பெயர். வாசலிலே நின்று “எந்தத் தெரு?” என்று கேட்கும் நாளில் அதுவும் இன்னொரு குலப்பெயர், அன்று அதன்மேல் முதற்கல்லை நாமே எறிவோம்.

பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர், இராமேசுவரம் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிப்பகங்களிலே ‘கருக்கு’ ஒரு படியேனும் இருக்கட்டும். ஞாயிறு மாலை கூட்டத்திலே அந்தப் பலகாரப் பொட்டலப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். படிப்பவர் சேரித் தெருவிலிருந்து வர வேண்டாம். ஊர்த் தெருவிலிருந்து வரட்டும், அவர் வாயாலேயே அந்தப் பக்கம் ஒலிக்கட்டும். முடிந்ததும் பாம்பனிலிருந்து வந்திருக்கும் பாசியெடுக்கும் தாய்மாரில் ஒருவரைப் பேச அழையுங்கள். அவர் சொல்வதை யாராவது ஓர் இளைஞர் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி நமக்கு அனுப்புவாராயின், திருத்தாமல் வெளியிடுவோம். அடைமொழி எதுவும் போடமாட்டோம்.